நாலடிக்கு ஒரு முட்டு

என் தம்பி பதினெட்டு வருடம் நிலக்கரிச் சுரங்கத்தில் முட்டுக்காரனாக இருந்தான். கரி வெட்டிய இடத்தில் கூரை சரியாதபடி மரக்கட்டைகளை நிறுத்துவது அந்த வேலை. முதலில் கம்பியால் கூரையைத் தட்டுவான். மறு கையின் விரல்களைப் பாறையில் வைத்திருப்பான். கணீரென்றால் ஆட்கள் உள்ளே போகலாம். தொம்மென்றால் முட்டு நிற்கும்வரை யாரையும் விடமாட்டான். அவன் முட்டுக்குக் கீழே ஒருவர்கூடச் சாகவில்லை. இதை நான் எங்கு வேண்டுமானாலும் சொல்வேன்.

போர் தொடங்கிய இரண்டாம் வருடம், அன்றாடம் எடுக்கவேண்டிய கரியை ஒன்றரை மடங்காக்கினார்கள். மரமோ வரவில்லை. நாலடிக்கு ஒரு முட்டு என்றிருந்ததை ஆறடிக்கு ஒன்றாக்கச் சொன்னார் மேற்பார்வையாளர். நான் மேலே, சுரங்கத்தில் இறங்குகிறவர்களுக்கு விளக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கும் விளக்கு அறையில் வேலை பார்த்தேன். கீழே நடந்ததைப் பத்துப் பேரிடம் தனித்தனியாகக் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன்.

தம்பி கூரையைத் தட்டினான். தொம்மென்றது.

“நாலடிதான் சார்.”

“சுரங்கத்துல இருக்கிறதாலதான் உன்னைப் பட்டாளத்துக்குக் கூப்பிடல. பேரை எடுத்துட்டா நேரா போர்முனைதான், தெரியுமில்ல?”

“அங்க என்னைக் கொல்ல வர்றவன் எதிரி. இங்க யாரு சார்?”

“வாய் ரொம்ப நீளுது.”

“அப்ப ஒண்ணு செய்யுங்க. இந்த ஆறடிக்கு நடுவுல உக்காந்து உங்க சாப்பாட்டைச் சாப்பிடுங்க. முழுசா எந்திரிச்சு வந்தீங்கன்னா நீங்க சொன்னபடியே செய்யறேன்.”

வெட்டுக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். மேற்பார்வையாளர் உட்காரவில்லை. ஆள் பட்டியலிலிருந்து தம்பியின் பெயரை நீக்கினார்.

காலை பத்தரைக்குத் தம்பி தன் விளக்கை என் முன்னால் வைத்தான். பின்னால் முப்பத்தொரு பேர் விளக்கோடு நின்றார்கள்.

“என்னடா இது?”

“நான் யாரையும் கூப்பிடலக்கா.”

“இவன் தட்டாத கூரைக்குக் கீழ எங்களுக்கு என்ன வேலை?” என்றார் மூத்த வெட்டுக்காரர். “என் வீட்டுக்காரி திட்டுறதுக்காவது நான் முழுசாப் போய்ச் சேரணும்ல?”

மறுநாளே பட்டாளத்துக்கு அழைக்கும் காகிதம் வந்தது. தம்பிக்கு இரண்டும் சின்னப் பிள்ளைகள். தம்பி மனைவி அதைப் படித்துவிட்டு, “மன்னிப்புக் கேட்டுட்டு வந்தா வீட்டுக்குள்ள விடமாட்டேன், அண்ணி” என்றாள்.

மூன்று நாள் யாரும் இறங்கவில்லை; ஒரு கூடை கரிகூட மேலே வரவில்லை. நாலாம் நாள் காலை இரண்டு லாரி மரம் வந்தது.

“காகிதத்தைத் திரும்ப வாங்கியாச்சு. பேரையும் சேத்தாச்சு. இறங்குப்பா” என்றார் மேற்பார்வையாளர்.

தம்பி விளக்கு அறைப் பக்கம் வரவில்லை. லாரியில் ஏறி ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்த்தான். பதினொன்றைக் கீழே உருட்டிவிட்டான்.

“இதெல்லாம் வேலிக்குத்தான் ஆகும், சார். எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க.”

அவற்றை அப்புறப்படுத்திய பிறகுதான் என்னிடம் வந்து விளக்குக்குக் கை நீட்டினான்.