ஒரு பந்துக்கு இரண்டு தாய்மார்

செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் நவநாளுக்கு வருகிற உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். முன்வரிசையில் இருந்து கொஞ்சம் சத்தமாகப் பாடுகிற ஜெசிந்தா நான்தான். என் சுருதியைப் பற்றி வேறொரு நாள் பேசலாம். இன்றைக்கு என் மகன் நிரோஷனுக்காக நான் கேட்டதையும், ஆண்டவர் அதைத் தந்த விதத்தையும் சொல்ல வந்திருக்கிறேன். நான் கேட்டபடி அவர் தரவில்லை. அதற்காகத்தான் அவருக்கு அதிகமாக நன்றி சொல்கிறேன்.

2006ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம். நிரோஷன் இங்கே மொன்றியலில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தான். ஒரு சனிக்கிழமை பின்னேரம் விளையாட்டு முடிந்து வந்தவன், பையைக் கதவடியில் எறிந்துவிட்டுச் சொன்னான்.

"அம்மா, நான் விடப்போறன்."

"ரீமையா?"

"எல்லாத்தையும். யூனியையும்."

சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை.

அவன் விளையாடுவது நம்மவர்களுக்குத் தெரிந்த கால்பந்து இல்லை. தலையில் கவசமும் தோளில் கவசமும் போட்டுக்கொண்டு, முட்டை வடிவப் பந்தோடு ஒருவரை ஒருவர் விழுத்துகிற விளையாட்டு. "இதில காலுக்கு என்ன வேலை? எல்லாரும் கையாலதானே பிடிக்கினம்" என்று என் கணவர் பிலிப் முதல் நாளே கேட்டார். அதில் ரன்னிங் பாக் என்று ஒரு இடம் உண்டு. பின்னால் நின்று பந்தைக் கையில் வாங்கி, எதிராளிகளுக்கு நடுவே புகுந்து ஓடுகிறவன் அவன். பள்ளிக்கூடக் காலத்தில் நிரோஷன் ஓடினால் பிடிக்க ஆள் இல்லை. பல்கலைக்கழகத்தில் அந்த ஓர் இடத்துக்கு ஐந்து பிள்ளைகள். போன வருடம் முழுக்க அவனை ஆட்டத்தில் இறக்காமல் ஓரத்து வாங்கிலேயே இருத்திவிட்டார்கள். இந்த வருடமும் அதே வாங்கு. வீட்டில் எந்த நேரமும் ஒரே பெயர்தான் கேட்கும். வுட்லிதான் ஓடினான். வுட்லிக்குத்தான் பந்து குடுத்தவை. கோச்சுக்கு வுட்லியைத்தான் பிடிக்கும்.

பிலிப் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடை ஒன்றில் வேலை செய்கிறார். "விடட்டும். என்னோட வந்து பெட்டி தூக்கட்டும், உடம்பு உரமாத்தானே கிடக்கு" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த விளையாட்டுக்காகத்தான் அவன் படிக்கவே போனான். அதை விட்டால் படிப்பையும் விடுவான், பிறகு எதைப் பிடித்து எழும்புவான் என்று எனக்குப் பயமாக இருந்தது. வீட்டில் எல்லோரையும் சிரிக்க வைத்த பிள்ளை வாய் திறக்காமல் இருந்தான். ஞாயிறு பூசைக்கும் வரவில்லை.

அடுத்த செவ்வாயே நவநாள் தொடங்கினேன். எனக்கும் அந்தோனியாருக்கும் நடுவில் மரியாதை கொஞ்சம் குறைவு, உரிமை கூட. "அவன்ட கையில பந்து வரவேணும். வந்தால் அவன் விளையாடுற இடத்திலேயே உம்மட பாணை எல்லாருக்கும் பகிர்வன்" என்று நேர்த்தி வைத்தேன்.

மூன்று கிழமை போனது. பந்து வரவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. நேர்த்தியை முன்கூட்டியே செலுத்திவிடுவது என்று முடிவு செய்தேன். வாங்கிவிட்டவர் செய்துதானே ஆகவேண்டும். வெள்ளிக்கிழமை வேலையால் வந்து, பாணுக்குப் பதிலாக ஒரு பெரிய கூடை நிறையப் பணிஸ், சின்ன இனிப்புப் பாண், சுட்டேன். சனி காலை பாதரிடம் கொண்டுபோனேன்.

"அக்கா, நேர்த்தி எண்டால் கேட்டது கிடைச்ச பிறகுதானே குடுக்கிறது?" என்று பாதர் கேட்டார்.

"ஓம் பாதர். ஆனா அவருக்கும் கொஞ்சம் அவசரம் வரட்டும்."

பாதர் சிரித்துக்கொண்டே மந்திரித்துத் தந்தார்.

அந்தோனியார் பாண் பகிர்வதற்கு மன்னாரில் எங்கள் ஆட்களிடம் ஒரு முறை உண்டு. ஆள் பார்த்துக் கொடுக்கக்கூடாது. வரிசையில் ஒருவரையும் தாண்டிப் போகக்கூடாது. மிச்சம் வீட்டுக்குத் திரும்பி வரக்கூடாது. ஆகவே அன்று ஆட்டம் நடந்த மைதானத்தில் மேல்வரிசையிலிருந்து தொடங்கினேன். முகத்தில் சாயம் பூசிய பெடியன்கள் விலை எவ்வளவு என்று கேட்டார்கள். நான் ஒரு கார்தெரியில், சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்க்கிற இடத்தில், சமைக்கிறவள். என் பிரெஞ்சு முழுக்க மூன்று வயதுப் பிள்ளைகளிடம் படித்தது. "விலை இல்லை, சாப்பிடு, மெதுவாகச் சாப்பிடு" என்று அந்தப் பிரெஞ்சிலேயே சொன்னேன். நல்ல பிள்ளைகள், மெதுவாகச் சாப்பிட்டார்கள்.

ஒரு வரிசையின் கடைசியில் பெரிய கோட் போட்ட ஹெயிட்டிப் பெண்மணி ஒருத்தி தனியாக இருந்தாள். கையில் செபமாலை. பணிஸை நீட்டி "அந்தோனியார்" என்றேன். உடனே சிலுவை அடையாளம் போட்டு, பணிஸை முத்தி செய்துவிட்டு வாயில் வைத்தாள். எனக்கு அவளை உடனே பிடித்துப்போனது. பக்கத்தில் இருந்துவிட்டேன். பெயர் மரி-லூர்து என்றாள். இனி அவள் பிரெஞ்சில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்.

"உம்மட பிள்ளையும் விளையாடுதோ?" என்று கேட்டேன்.

"ஓம். அந்தா, பந்தோட ஓடுறான்."

பார்த்தேன். வுட்லி.

என் பிள்ளையின் இடத்தில் நிற்கிறவனின் தாய்க்கு என் நேர்த்திப் பாணைக் கொடுத்துவிட்டு இருக்கிறேன். அதுவும் பாதி விழுங்கியாயிற்று.

"உம்மட மகன் எங்க?" என்று அவள் கேட்டாள். நான் வாங்கைக் காட்டினேன்.

"என்ன கேட்டுச் செபிக்கிறீர்?"

"அவன் விளையாட வேணும் எண்டு."

"எந்த இடத்தில?"

"உம்மட மகன்ட இடத்தில" என்றேன். பொய் சொல்ல எனக்கு அவ்வளவு பிரெஞ்சு தெரியாது.

அவள் கையிலிருந்த பணிஸைப் பார்த்தாள். செபமாலையைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். கோட் முழுக்கக் குலுங்கிச் சிரித்தாள். அவளும் ஒவ்வொரு கிழமையும் மலைமேல் இருக்கிற சூசையப்பர் கோயிலுக்குப் போய், தன் மகனை அந்த இடத்திலிருந்து யாரும் தள்ளிவிடக்கூடாது என்று மெழுகுதிரி ஏற்றுகிறாளாம்.

"பாவம் கடவுள்" என்றாள். "ஒரு பந்து, ரெண்டு அம்மா. அவர் என்ன செய்வார்?"

பிறகு அவளே வழியும் சொன்னாள். "இனி நான் உம்மட மகனுக்குச் செபிக்கிறன். நீர் என்ட மகனுக்குச் செபியும். அப்ப ஒருத்தரும் ஒருத்தருக்கு எதிராக் கேட்கேல்லைத்தானே."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மனம் வரவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தியின் வாயில் என் பிள்ளையை விட்டுவிட்டு, நான் போய் வுட்லிக்காகக் கெஞ்சுவதா? ஆனால் அந்தோனியார் பாணைச் சாப்பிட்டவளோடு எப்படிப் பிடிவாதம் பிடிப்பது? "சரி" என்றேன். அவள் உடனே கேட்டாள், "உம்மட மகன்ட பெயர் என்ன?" நி-ரோ-ஷன் என்று சொல்லிக் கொடுத்தேன். விரலில் செபமாலை மணியைப் பிடித்து அந்த இடத்திலேயே தொடங்கிவிட்டாள்.

ஒருவருக்காகச் செபிப்பதென்றால் அவரைப் பற்றி ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். ஆகவே ரெலிபோன் தொடங்கியது. வுட்லிக்கு இடது முழங்கால் நோகிறது என்று அறிந்தேன். அவன் கணக்குப் பாடத்தில் தடுமாறுகிறான் என்று அறிந்தேன். அந்தோனியாரிடம் இரண்டையும் சொன்னேன். முழங்காலுக்கு எங்கள் நல்லெண்ணெய் ஒரு போத்தல் கொடுத்தனுப்பினேன். என் மகனை வாங்கில் இருத்திய அந்தப் பிள்ளைமேல் எனக்குப் பாசம் வரத் தொடங்கியது. இது எப்போது நடந்தது என்று எனக்கே தெரியாது.

நிரோஷன் எல்லாவற்றையும் விடப் பார்க்கிறான் என்று நானும் அவளுக்குச் சொன்னேன். அவள் அதைத் தன் மகனிடம் சொல்லியிருக்கிறாள். ஒரு நாள் பயிற்சி முடிந்து இரண்டு பேரும் ஒன்றாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வுட்லி கதவு நிறைந்த உயரம். இடியப்பமும் சொதியும் வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டே அவன் என் மகனிடம் சொன்னான். நிரோஷன்தான் எனக்குத் தமிழில் மாற்றிச் சொன்னான், காது சிவக்க.

"நீ என்னைவிட நல்லா ஓடுவாய். கோச்சுக்கும் அது தெரியும். ஆனா நீ ஆளை மறிக்கிறேல்லை. பந்து எறியிறவனை அடிக்க ஓடி வாறவன் உன்னைத் தாண்டிப் போறான். அதுதான் உன்னை இறக்கப் பயப்படுகினம்."

இரண்டு வருடமாகக் கோச் இதைத்தான் சொல்லியிருக்கிறார். கோச் சொன்னபோது அது குற்றமாகக் கேட்டது. வுட்லி சொன்னபோது என் மகன் கேட்டுக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து எங்கள் பின்பக்கத்து ஒழுங்கையில் பயிற்சி. பழைய மெத்தை ஒன்றை நிமிர்த்திப் பிடிக்க ஆள் தேவைப்பட்டது. சந்தையால் களைத்து வந்த பிலிப்பைப் பிடித்து மெத்தைக்குப் பின்னால் நிறுத்தினார்கள். நிரோஷன் ஓடி வந்து ஒரு இடி. மெத்தையும் பிலிப்பும் சேர்ந்து வேலியடியில் கிடந்தார்கள். "தோளால இடிக்காத, காலைப் பதிச்சு நில்" என்று வுட்லி சொல்லிக்கொடுக்க, கீழே கிடந்தபடியே என் மனுசனும், "ஓம் தம்பி, காலைப் பதி" என்றார். விடட்டும் என்று சொன்ன அதே மனுசன்தான். அந்தச் சத்தத்துக்கு நான் எட்டிப் பார்த்தபோது நிரோஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். நான் குசினிக்குள் போய் அழுதேன். சந்தோசத்தில்தான்.

ஒக்டோபர் கடைசியில் எங்கள் மைதானத்தில் அந்த வருடத்தின் கடைசி ஆட்டம். முதல் பனி விழுந்துகொண்டிருந்தது. நானும் மரி-லூர்தும் ஒரு போர்வைக்குள் இருந்தோம். எங்கள் பிள்ளைகளின் பக்கம் கொஞ்சம் பின்தங்கியிருந்தது. கடைசிப் பகுதி தொடங்கியபோது கோச் வுட்லியை இறக்கினார். கூடவே நிரோஷனையும் இறக்கினார். இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். அப்படியும் நிறுத்தலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஐந்து பேருக்கு ஒரு இடம் என்றுதான் நான் கேள்விப்பட்டிருந்தேன்.

வுட்லியின் கையில் பந்தைக் கொடுத்தார்கள். எங்கள் ஒப்பந்தப்படி என் கண் வுட்லியில். "அருள் நிறைந்த மரியாயே, அவன்ட முழங்கால்" என்று செபித்துக்கொண்டே பார்த்தேன். அவன் ஒரு இடைவெளிக்குள் புகுந்தான், வெளியே வந்தான், கடைசிக் கோட்டையும் தாண்டி ஓடிவிட்டான். சனம் எழும்பி நின்று கத்தியது. நானும் கத்தினேன். ஆனால் வுட்லியைப் பெற்றவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. என் கையை நோகப் பிடித்து வேறு பக்கம் காட்டினாள்.

"உம்மட மகனைப் பாரும். உம்மட மகனைப் பாரும்."

பனிக்குள் நிரோஷன் விழுந்து கிடந்தான். அவனுக்குக் கீழே அவனைப்போல இரண்டு மடங்கு ஆள் ஒருவன். வுட்லியைப் பிடிக்க வந்தவனை என் மகன் காலைப் பதித்து நின்று விழுத்தியிருக்கிறான். அதை நான் காணவில்லை. அவள்தான் கண்டாள். அவளுடைய மகன் கோட்டைத் தாண்டியதை அவள் காணவில்லை. நான்தான் கண்டேன். நின்ற நிலையில், கண்டதை ஒருவருக்கொருவர் சொன்னோம். இரண்டு பேரும் அழுதுகொண்டு சொன்னதால் ஒன்றும் ஒழுங்காக விளங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் திரும்பவும் இரண்டு பேரையும் இறக்கினார்கள். நான் ஒப்பந்தத்தை மீறவில்லை. வுட்லியைத்தான் பார்த்தேன். அவன் முன்னே போய் ஒருவனை விழுத்தினான். அவனுக்குப் பின்னாலிருந்து, பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, என் மகன் வந்தான். வுட்லியையே பார்த்துக்கொண்டிருந்தபடியால் அவனை முழுசாகக் கண்டேன். பாதி மைதானம் ஓடினான். கோட்டுக்குக் கிட்டப் போய்த்தான் அவனைப் பிடித்தார்கள். எழும்பியபோது அவன் முகத்தில் பழைய சிரிப்பு இருந்தது. ஆண்டவரே, அந்தச் சிரிப்புக்கு நான் என்ன சொல்லி நன்றி சொல்வேன்.

அன்றைக்கு நாங்கள் வென்றோம். நிரோஷன் ஒன்றையும் விடவில்லை. அதற்குப் பிறகு வந்த வருடங்களிலும் அவனும் வுட்லியும் மாறி மாறியும் சேர்ந்தும் ஓடினார்கள். இந்த வருடம், 2009இல், நிரோஷன் பட்டம் பெற்றான். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராகப் போக நிற்கிறான். வுட்லிக்குப் போன கோடையில் புரோசார்டில் கலியாணம். நான் முன்வரிசையில் இருந்து சத்தமாகப் பாடினேன்.

அன்பான சகோதரங்களே, நீங்களும் ஏதோ ஒன்றைக் கேட்டுக்கொண்டுதான் இங்கே வருகிறீர்கள். நீங்கள் கேட்கிற இடத்தில் வேறு யாரோ நிற்கலாம். அந்த ஆளின் பெயரையும் சேர்த்து ஆண்டவரிடம் சொல்லிப் பாருங்கள். அந்த ஆளுக்கும் எங்கேயோ ஒரு அம்மா செபமாலையோடு இருப்பாள். நாங்கள் ஒரு இடத்தைக் கேட்கிறோம், அவரிடம் இடம் நிறைய இருக்கிறது. நம்பிக் கேளுங்கள். அவருக்கே புகழ்.

போன கிழமை நிரோஷனுக்கு வேலை நேர்முகம். எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆனாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே. நான் செபமாலையை எடுக்காமல் ரெலிபோனை எடுத்து, மரி-லூர்துக்கு அடித்தேன்.

"தெரியும்," என்றாள். "விடியவே தொடங்கிட்டன். நீர் போனை வையும், செபமாலை நடுவில நிக்கிறன்."