அரை அங்குலம் பின்னால்

தங்கை எங்கள் வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. கணவரோடு சண்டை. அவராக வந்து அழைத்தால்தான் அனுப்புவது என்று நாங்கள் உறுதியாக இருந்தோம். ஒரு சனிக்கிழமை காலையில் அவர் காரில் வந்து இறங்கினார். தோளில் துப்பாக்கி உறை.

"மச்சான், துப்பாக்கி மேல வச்சுக் குறி பாக்குற ஸ்கோப் சிங்கப்பூர்லேருந்து வந்திருக்கு. மாட்டிக் குடுங்க. நாளைக்குச் சுட்டுப் பாத்துட்டு, அப்படியே ஒங்க தங்கச்சியக் கூட்டிக்கிட்டுக் கெளம்புறேன்."

"பொண்டாட்டியக் கூப்பிட வந்தாரா, துப்பாக்கிய ரிப்பேருக்கு விட வந்தாரா?" என்று என் மனைவி அடுக்களையில் முணுமுணுத்தாள். மெதுவாகப் பேசச் சொன்னேன். அழைக்க வந்த மாப்பிள்ளை எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லக்கூடாது. சொன்னால் திரும்பிப் போய்விடுவார், பிறகு ஊர் கூடிப் பேசினாலும் வரமாட்டார்.

நான் கல்லூரி ஆய்வகத்தில் கருவிகளுக்குப் பொறுப்பாக இருந்தவன். துப்பாக்கி எனக்குப் புதிது, நுண்ணோக்கிகளைக் கழற்றி மாட்டிய பழக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் குழல் காலியா என்று இரண்டு முறை பார்த்தேன். ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடித்து நிறுத்த அதோடு வந்த வளையங்கள் உயரம் குறைந்தவை. அதனால் ஸ்கோப்பின் முன்பக்கத்து அகன்ற வாய் இரும்புக் குழலை உரசும் அளவுக்குத் தாழ்ந்து நின்றது. ஒரு அஞ்சலட்டையை இடையில் விட்டு இழுத்துப் பார்த்தேன், தடையில்லாமல் வந்தது. அது போதும்.

சிக்கல் பின்பக்கத்தில் இருந்தது. கண் வைக்கும் முனையும் தடிமன். தோட்டாவைப் போடவும் எடுக்கவும், குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டின் கைப்பிடியை மேலே தூக்க வேண்டும். ஸ்கோப்பை முன்னால் தள்ளி வைத்தால் கைப்பிடி தூக்க இடம் இருந்தது. அரை அங்குலம் பின்னால் வந்தால் இடிக்கும். இதை அன்றே நாட்குறிப்பில் எழுதினேன், அவரிடமும் சொன்னேன். "சரி சரி" என்றார்.

ஞாயிறு காலை சாக்கோட்டைப் பக்கம் இருந்த சுடுதளத்துக்குப் போனோம். சிவந்த மண்மேட்டுக்கு முன்னால் இலக்கு அட்டைகள். பொறுப்பாளர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளை குப்புறப் படுத்து இரண்டு தோட்டா சுட்டார். மூன்றாவதைப் போட்டு போல்ட்டை மூடியபின் தலையைத் திருப்பினார்.

"ஓரமெல்லாம் கருப்பா வட்டங்கட்டுது மச்சான். இங்குட்டு இழுத்து வையுங்க."

"மொதல்ல தோட்டாவ எடுங்க மாப்பிள்ள. பின்னால இழுத்தா கைப்பிடி இடிக்கும்."

"அட, ஆய்வகத்துல தவளை அறுக்குற மாதிரி பயப்படுறீக!" பின்னால் தங்கள் முறைக்குக் காத்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். "எனக்குக் கண்ணுக்குத் தெரியணும். இழுக்கீகளா, இல்ல நான் இப்படியே ஊருக்குக் கெளம்பட்டா?"

அவர் பக்கத்தில் படுத்து ஸ்க்ரூக்களைத் தளர்த்தினேன். அரை அங்குலம் இழுத்தேன். மறுபடி முறுக்கினேன்.

அவர் விசையை அழுத்தினார். டக் என்று ஒரு சத்தம் மட்டும். வெடிக்கவில்லை. கைப்பிடியைத் தூக்கினார், ஸ்கோப்பில் இடித்து நின்றது. உள்ளங்கையால் அடிக்கப் போனார். அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அதுவரை நான் அவரைத் தொட்டதே இல்லை.

"யாரும் அசையாதீக!" என்றார் பொறுப்பாளர். "சில தோட்டா தாமசமா வெடிக்கும். துப்பாக்கி மேட்டப் பாத்தே இருக்கட்டும்."

கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தோம். அவர் முழங்கை என் விலாவில் அழுந்தியது. வெயில் முதுகில் ஏறியது. பிறகு பொறுப்பாளர் தலையசைத்தார். மாப்பிள்ளையால் துப்பாக்கியை விடவும் முடியாது, என்னால் எழவும் முடியாது. குழல் மேட்டைவிட்டு விலகாமல் அவர் பிடித்திருக்க, நான் நான்கு ஸ்க்ரூக்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். வியர்வையில் ஸ்க்ரூ திருகும் சாவி இரண்டு முறை வழுக்கியது. ஸ்கோப்பைத் தூக்கி எடுத்ததும் கைப்பிடி மேலே வந்தது. போல்ட்டை இழுத்ததும், அடியில் சுடும் ஊசி பட்ட தழும்போடு வெடிக்காத தோட்டா மண்ணில் விழுந்தது.

மாப்பிள்ளை எழுந்து முழங்காலைத் தட்டினார். எல்லோருக்கும் கேட்கும்படி, "நம்ம மச்சான் மாட்டுன லட்சணம்" என்றார். பொறுப்பாளர் என்னைப் பார்த்தார். என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும். நான் சொன்னால் அவரும் ஆமாம் என்றிருப்பார்.

"என் தப்புதான்" என்றேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதும் அதே கதையைச் சொல்லிச் சிரித்தார். தங்கை ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள். அவர் காரை எடுக்கப் போனதும் பெட்டியோடு என்னிடம் வந்தாள்.

"அண்ணே, நீங்க ஒரு ஸ்க்ரூவத் தப்பா முறுக்கி நான் பாத்ததில்ல. நெசமா நீங்களா?"

நான்தான் இழுத்தேன். அதனால் அது பொய்யில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அவர் எப்படி இழுக்க வைத்தார் என்று சொன்னால் அவள் பெட்டியைக் கீழே வைத்துவிடுவாள். நான்கு மாதம் ஐந்தாகும், ஆறாகும். சொல்லாவிட்டால் அந்தக் காரில் ஏறுவாள்.

"நானேதான்" என்றேன்.

அவள் நம்பவில்லை. நம்பாமலே என்னைப் பார்த்தபடி நின்றாள். நான் வேறு ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள். வெளியே ஹார்ன் அடித்தது.

"நேரமாச்சு" என்று பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கி, நானே காருக்குக் கொண்டுபோனேன்.