சைலன்சருக்குப் போட்ட மாவுக்கட்டு

ஆயுத பூஜையன்று பிற்பகலில் மைசூர்த் தெருக்களில் வாகனம் ஓட்டுவது எளிதன்று. காலையில் ஒவ்வொரு கடை வாசலிலும் ஒவ்வொரு வண்டியின் முன்னும் உடைக்கப்பட்ட பூசணிக்காய்கள், குங்குமம் கலந்த சதையோடு சாலை நடுவே சிதறிக் கிடக்கும். இரு சக்கர வண்டிகள் அவற்றில் வழுக்கி விழுவது ஆண்டுதோறும் நடப்பதே. என் மனைவிக்கு வழுக்குவதைப் பற்றிய அச்சம் இல்லை. பிறர் கண்ணேறு கழித்த காயை நம்முடைய சக்கரம் மிதித்தால் அந்தத் தோஷம் நம்மோடு வீடு வந்து சேரும் என்பதே அவளுடைய அச்சம்.

அன்று நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். அவளுடைய தம்பி அங்கே படுத்திருந்தான். ஆயுள் முழுவதும் லாரி ஓட்டியவன். நுரையீரல் இரண்டும் சுருங்கிப் போய், மூன்று சொல்லுக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்கும் நிலைக்கு வந்திருந்தான். இனி இங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதன் பொருளை நாங்கள் மூவரும் அறிந்திருந்தோம். மூவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஹனூருக்கு அப்பால் உள்ள அவனுடைய ஊரில் பிராணவாயுக் கருவி ஒன்று வாடகைக்கு வந்து காத்திருந்தது. அவன் மனைவியும் காத்திருந்தாள்.

ஆம்புலன்ஸ் பேசலாமா என்று அன்று மதியம் நான் கேட்டபோது அவன் தலையை அசைத்து மறுத்தான்.

“அது வேண்டாம் மச்சான். அது வாசல்ல வந்து நின்னா... என்ற வீட்டுக்காரி அங்கயே விழுந்துருவா. உங்க வண்டியில... முன் சீட்டுல... உக்காந்துட்டுப் போறன்.”

தன் வாழ்நாளில் அவன் என்னிடம் கேட்ட பெரிய உதவி அதுவாகத்தான் இருக்கும். சரி என்றேன். வாடகைக் கார் எங்கள் வருவாய்க்கு எட்டாதது. எட்டினாலும் தசரா நாளில் சுற்றுலாப் பயணிகளை விட்டுவிட்டு, வழியில் என்ன ஆகுமோ என்றிருக்கும் நோயாளியை ஏற்றிக்கொள்ள யாரும் முன்வரவில்லை. மறுநாள் விஜயதசமி. ஊர்வலத்துக்காக நகரத்தின் நடுச்சாலைகளை முற்பகலிலேயே அடைத்துவிடுவார்கள். ஆகவே விடிந்ததும் புறப்படுவது என்று முடிவாயிற்று.

வீட்டுக்கு இரண்டு தெரு முன்னால், ஒரு பழக்கடை எதிரே, உடைந்த பூசணி ஒன்று சாலையின் குறுக்கே கிடந்தது.

“மிதிச்சராதீங்க! மிதிச்சராதீங்க!” என்று என் மனைவி கூவினாள்.

நான் வண்டியைச் சட்டென்று இடப்புறம் ஒடித்தேன். காய் தப்பியது. ஆனால், சாக்கடைப் பணிக்காகப் பெயர்த்துப் போட்டிருந்த கல்லொன்றின் மேல் வண்டியின் அடிவயிறு ஏறி இறங்கியது. உலோகம் கிழிபடும் ஓசை ஒன்று எழுந்தது. அதன்பின் எங்கள் சிறிய, வயதான கார் டிராக்டரைப் போல முழங்கத் தொடங்கிற்று. வீடு வந்து சேர்வதற்குள் கியர்த் தண்டின் அருகிலிருந்து புகை கசிந்து, இருவருக்கும் தொண்டை கரகரத்தது.

வாசலில் இருந்த சிமெண்டுச் சரிவின் மேல் ஒருபக்கச் சக்கரங்களை ஏற்றிக் கல் கொடுத்து நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தேன். எஞ்சினிலிருந்து சைலன்சருக்குச் செல்லும் குழாய், ஏற்கெனவே துருவேறி மெலிந்திருந்த இடத்தில், விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. பிளவு முன் இருக்கைக்கு நேர் கீழே, இடப்புறத்தில் இருந்தது. நாளை அவன் அமரப்போகும் இடம் அது. ஆரோக்கியமானவனுக்கு அது வெறும் இரைச்சல். அவனுக்கு அந்தப் புகை என்ன செய்யும் என்று நினைக்கவே அஞ்சினேன்.

அன்று நகரில் எந்தப் பட்டறையும் திறந்திருக்காது. நான் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையின் சாமான் கிடங்கில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். சிறு பழுதுகளை நானே பார்த்துக்கொள்ளும் அளவுக்குக் கருவிகள் வைத்திருக்கிறேன். ஆனால் அவை அனைத்தும் பூஜை அறையில், சிவப்புத் துணி விரித்த பலகையின்மேல், சந்தனமும் குங்குமமும் இட்டு வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. ஸ்பேனர்கள், சுத்தியல், வண்டியின் ஜாக்கி, அவளுடைய தையல் கத்தரிக்கோல் எல்லாம் அங்கேதான். மறுநாள் மறுபூஜை முடித்துத்தான் அவற்றைக் கையில் எடுப்பது எங்கள் வழக்கம். விடியலில் எடுத்து வேலையைத் தொடங்கினால் முடிவதற்குள் சாலைகள் அடைபட்டுவிடும்.

பூஜை அறையின் வாயிலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். நான் கேட்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது.

“சாமிக்கு வெச்சதப் பாதியில எடுக்கப்படாதுங்க.”

“உன் தம்பிக்காகத்தானே கேக்கறன்.”

“அவனுக்காகத்தான் வேண்டாங்கறன். நீங்க எடுத்து, நாளைக்கு வழியில அவனுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா, நான் ஆரப் போயிக் கேக்கறது?”

எனக்கு இத்தகைய நம்பிக்கைகள் குறைவு. எனினும் அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போக என்னால் இயலவில்லை. நாளை அவன் மூச்சு நின்றால், எஞ்சிய காலமெல்லாம் அந்த ஸ்பேனர் எங்கள் இருவருக்கும் நடுவே கிடக்கும்.

நான் திரும்பியபோது அவள் மெதுவாகச் சொன்னாள்: “அந்தக் காய மிதிச்சிருந்தாலே தேவலையா இருந்திருக்கும், இல்லீங்களா?”

நான் வாசலுக்கு வந்தேன்.

இரண்டு வீடு தள்ளி, தாதியாக இருந்து ஓய்வு பெற்ற கிறிஸ்தவப் பெண்மணி ஒருவர் தனியாக வசிக்கிறார். தெரு முழுவதும் அவரைச் சிஸ்டர் என்றே அழைக்கும். அவருடைய தமிழில் கன்னடம் கலந்திருக்கும்; நிறைய என்பதற்குத் ‘தும்ப’ என்பார். வண்டியின் முழக்கத்தைக் கேட்டு அவரே எங்கள் வாசலுக்கு வந்திருந்தார். செய்தியைச் சொன்னேன்.

“உங்க சாமானெல்லாம் பூஜையில குந்தியிருக்காண்ணா?” என்றார். “எங்க வீட்டுக்காரரு பெட்டி சும்னே கட்டிலுக்குக் கீழ கெடக்கு. அவரு போனதுல இருந்து தெறக்கல. அதுக்குப் பொட்டும் இல்ல, பூவும் இல்ல. துரு மட்டும் தும்ப இருக்கு.”

என் மனைவி வேலியருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சிறிது யோசித்துவிட்டு, “அது அவங்க வீட்டுச் சாமானுங்க. அதுக்கொண்ணும் தடையில்ல” என்றாள். அவள் முகத்தில் அன்று முதன்முறையாக இறுக்கம் சற்றுத் தளர்ந்தது.

பெட்டியில் தகரம் வெட்டும் கத்தரி, கட்டிங் பிளேயர், திருப்புளி, உப்புத்தாள், கட்டுக்கம்பி ஆகியவை இருந்தன. சிஸ்டர் தோட்டத்துக் குழாயிலிருந்து வளையக் கிளிப்புகள் இரண்டைக் கழற்றிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் காலியான எண்ணெய் டின் இருந்தது. குழாய் சூடு ஆறும்வரை டின்னை வெட்டி விரித்து, விளிம்புகளை மடித்துத் தட்டினேன். சாக்கை விரித்து வண்டியின் அடியில் மல்லாந்து படுத்து, உப்புத்தாளால் துருவைத் தேய்த்தேன். உதிர்ந்த துரு முழுவதும் என் கண்ணிலும் வாயிலும் விழுந்தது.

அப்போது என் மனைவி தன் தம்பியைக் கைபேசியில் அழைத்து, ஒலியை உயர்த்தி, என் தலைமாட்டில் தரையில் வைத்தாள். லாரியின் அடியில் படுத்தே பாதி வாழ்க்கையைக் கழித்தவன் அல்லவா, அவனிடம் கேட்போம் என்பது அவள் எண்ணம்.

“என்ன மச்சான்... வண்டி படுத்துருச்சாமா?”

“படுக்கல மாப்ள. கத்துது.”

“கத்தட்டும். அதுக்காச்சும்... கத்தறதுக்குக் காத்து இருக்குதே.”

யாரும் சிரிக்கவில்லை. அவனே தொடர்ந்தான்.

“தகரத்த ரெண்டு சுத்து சுத்துங்க. கிளிப்ப ஒரேடியா... முறுக்கிராதீங்க. பைப்பு நைஞ்சது... நசுங்கிரும். அந்தப் பக்கம் கொஞ்சம்... இந்தப் பக்கம் கொஞ்சம்.”

அவ்வாறே செய்தேன். தகரம் பிடித்துக்கொண்டது, ஆனால் இரு ஓரங்களிலும் சந்து தெரிந்தது. சிஸ்டர் கைவிளக்கைப் பிடித்துக் குனிந்து பார்த்தார்.

“இப்டி விட்டா பொகை கசியுமேண்ணா. ஒந்து நிமிஷம் இருங்க.”

அவர் வீட்டுக்குள் போய் வந்தபோது கையில் உறை பிரிக்காத இரண்டு மாவுக்கட்டுச் சுருள்களும் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் இருந்தன. எலும்பு முறிந்தவர்களுக்குப் போடும் அதே கட்டுத்துணிதான். நனைத்து நனைத்து அவர் கொடுக்க, நான் தகரத்தின் மேலும் ஓரங்களிலும் சுற்றிச் சுற்றி வழித்தேன். மேலே கட்டுக்கம்பி போட்டு முறுக்கினேன்.

“என்ன மச்சான் பண்றீங்க? சத்தத்தையே காணம்.”

“சிஸ்டர் மாவுக்கட்டு போடறாங்க.”

“வண்டிக்கா?” என்றான். அவன் சிரிக்கத் தொடங்கினான். சிரிப்பு இருமலாயிற்று. அந்த இருமல் நெடுநேரம் நீடித்தது. தரையில் கிடந்த கைபேசியை மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். என் மனைவி தன் கையை அதன்மேல் வைத்தாள்.

இருமல் அடங்கிய பின் அவன் சொன்னான்: “அந்தச் சூட்டுக்கு அது தாங்காதுங்க... பொடியாப் போயிரும். ஊரு வரைக்கும் நின்னாப் போதும். எனக்கும்... அவ்வளவுதான வேணும்.”

அந்தி சாயும் வேளையில் கட்டு இறுகியது. எஞ்சினை முடுக்கினேன். முழக்கம் போய்ப் பழைய முனகல் திரும்பியிருந்தது. நான் மகிழ்ந்திருக்க வேண்டும். அதற்குள் என் மனைவி முன்கதவைத் திறந்து, தம்பி அமரவேண்டிய இடத்தில் தான் அமர்ந்து, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டாள். புகை வருகிறதா என்று தன் மூக்கினால் சோதிப்பது அவள் நோக்கம்.

சிஸ்டர் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார். “அக்கா, மொதல்ல எறக்குங்க! மூக்க நம்பாதீங்க. அந்தப் பொகையில ஆளக் கொல்றது எதுவோ, அதுக்கு வாசனையே கெடையாது.” என் பக்கம் திரும்பி, “நாளைக்கு நாலு கண்ணாடியும் தெறந்தே இருக்கணும். அவரு எவ்ளோ இருமினாலும் மூடக் கூடாதுண்ணா” என்றார்.

அவள் கண்ணாடியை இறக்கினாள். இருக்கையை விட்டு எழவில்லை. “துணி கருகற வாசம்தான் வருது” என்றாள்.

“வேற?”

“வேற இல்லீங்க.”

மறுநாள் காலை அவனைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து முன் இருக்கையில் அமர்த்தினோம். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை அணிந்திருந்தான். ஊருக்குள் போகும்போது நோயாளியாகத் தோன்றக் கூடாது என்பதில் அவனுக்கு அக்கறை இருந்தது. நகரத்தைத் தாண்டும்வரை தடையில்லை. திறந்த வெளிக்கு வந்ததும் குளிர்காற்று நேரே அவன் முகத்தில் அடித்தது. இரும ஆரம்பித்தான். கண்ணாடியைக் காட்டிக் கையால் சாடை செய்தான். கியர்த் தண்டருகே இருந்த பொத்தானை அழுத்திப் பாதி ஏற்றினேன்.

“எறக்குங்க” என்றாள் பின்னாலிருந்து என் மனைவி.

இறக்கினேன். அவன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினான். மறுபடியும் ஏற்றினேன். மறுபடியும் அவள் சொன்னாள். காவிரிப் பாலத்தைக் கடந்ததும், கொள்ளேகாலத்தில் தேநீர் வாங்கியதும் எனக்குச் சரியாக நினைவில்லை. அந்தக் கண்ணாடியை ஏற்றியதும் இறக்கியதும்தான் நினைவிருக்கிறது. ஒன்று அவனை உடனே வதைத்தது. மற்றொன்று கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாமல் என்ன செய்யுமோ, நாங்கள் அறியோம்.

ஹனூரைக் கடந்து மண்சாலையில் திரும்பியபோது, “கட்டு நிக்குது மச்சான்” என்றான். அடிப்பாகத்தின் ஒலியை அவன் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறான்.

ஊர் எல்லைக்கு வரும்வரை நின்றது. அங்கே குடிநீர்க் குழாய்க்காகச் சாலையைக் குறுக்கே வெட்டி மூடாமல் விட்டிருந்தார்கள். வண்டி இறங்கி ஏறியது. அடியில் ஏதோ பொலபொலவென்று உதிர்ந்தது. தகரம் தரையில் இழுபட்டது. மறுகணம் கார் ஊரையே எழுப்புவது போல முழங்கிற்று. கடைகளிலிருந்தவர்கள் வெளியே வந்து நின்றார்கள்.

“இதுக்கு ஆம்புலன்சே... தேவலையாட்ட இருக்குது” என்றான்.

நிறுத்தினால் மறுபடி முடுக்க வேண்டியிருக்கும், இன்னும் சிறிது தூரம்தானே என்று நான் ஓட்டினேன். பிறகு கியர்த் தண்டின் அருகே புகை கசியத் தொடங்கியதைக் கண்டு எஞ்சினை நிறுத்திவிட்டேன். ஊர்க்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். எல்லோரும் அவனை அறிந்தவர்கள். தள்ளிக்கொண்டே போய்விடலாம் என்றார்கள்.

அவன் என் கையைத் தொட்டான். “சும்மா தள்ளறதுதான... ஸ்டியரிங்க நான் புடிக்கட்டுங்களா?”

இருவர் அவனைத் தூக்கி என் இடத்தில் அமர்த்தினார்கள். நான் வெளியே நின்று, அவன் கைக்குக் கீழே ஸ்டியரிங்கில் என் கையையும் வைத்துக்கொண்டு நடந்தேன். பின்னால் ஐந்தாறு பேர் தள்ளினார்கள். பேச்சு இல்லாமல், காலடி ஓசையோடு மட்டும் அந்த வண்டி தெருவில் நகர்ந்தது. அப்படி ஒரு வண்டி எதைப் போல் தோன்றும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவன் மட்டும் தெருமுனையில் திரும்பும்போது, பழக்கத்தில், ஹாரனை அழுத்தினான்.

வீட்டு வாசலில் அவன் மனைவி நின்றிருந்தாள். ஓட்டுநர் இருக்கையில் அவனைக் கண்டதும் அவள் வாய்மேல் கை வைத்தாள். “நீங்களாவா ஓட்டிட்டு வந்தீங்க?”

“வேற ஆரு?” என்றான். இறக்குவதற்காக நீண்ட கைகளை விலக்கி, “இருங்கப்பா, கியர்ல போட்டுட்டு எறங்கறன்” என்றான். போட அவனால் முடியவில்லை. நான் போட்டேன்.

அன்று மாலை கட்டிலருகே என் மனைவி அவன் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “வழியில பொகை ஏதாச்சும் உள்ள வந்துச்சாடா?”

“இல்லக்கா. மண்ணு வாசம்தான் வந்துச்சு.”

தீபாவளிக்கு முன்பே அவன் போய்விட்டான். என் மனைவி சிஸ்டரிடம் கேட்டபோது, உங்கள் தம்பியின் நுரையீரலில் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை அக்கா, அதற்கும் பயணத்துக்கும் தொடர்பில்லை என்று உறுதியாகச் சொன்னார். அவள் அதைக் கேட்டுத் தலையசைத்தாள். ஆயினும் சில நாட்களில், கறிகாய் நறுக்கிக்கொண்டிருக்கும்போதோ துணி மடிக்கும்போதோ, திடீரென்று என்னிடம் கேட்கிறாள்: “நீங்க பக்கத்துலதான இருந்தீங்க. பொகை வந்துச்சுங்களா?”

இல்லை என்கிறேன். ஊருக்குள் நுழைந்த அந்தச் சிறு தூரத்தில் என் கண்கள் எரிந்தன.