எங்கும் இணையாத இரண்டு டயல்கள்

அவரை நல்ல மனிதர் என்று சொல்லிவிட அவசரமில்லை. நல்ல மெக்கானிக் என்று இப்போதைக்குச் சொல்லி வைக்கலாம். வீடுகளுக்கு வெயில் காலத்தில் குளிர் காற்றும் குளிர் காலத்தில் வெதுவெதுப்பான காற்றும் தருகிற மெஷின்களைப் பராமரிப்பது அவர் தொழில். பரண்மேல் ஒரு இரும்புப் பெட்டி, அதிலிருந்து அறை அறையாகப் போகும் காற்றுக்குழாய், சுவரில் ஒரு டயல். இந்த மூன்றும் இருக்கிற வீட்டில் அவர் கண்ணை மூடிக்கொண்டு நடப்பார்.

பெயர் இருபத்தஞ்சு. பெற்றோர் வைத்தது வேறு. அதைச் சொல்லி இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. எந்த வீட்டில் என்ன கோளாறைச் சரி செய்தாலும், கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “இருபத்தஞ்சுல வச்சுட்டு மறந்துடுங்க” என்பார். யாரும் மறந்ததில்லை. பதினெட்டில் வைத்துவிட்டுப் போர்வைக்குள் நடுங்குகிறவர்களையும், முப்பதில் வைத்துவிட்டுச் செய்தித்தாளால் விசிறிக்கொள்கிறவர்களையும் இருபது வருடமாகப் பார்த்து அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்: மனிதனுக்கு வேண்டியது குளிரும் இல்லை, சூடும் இல்லை, டயலைத் திருப்புகிற உரிமை.

தொழிலில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கழற்றிய பழைய பார்ட்டை வீட்டுக்காரர் கையில் கொடுக்காமல் புதியதை மாட்ட மாட்டார். “பாருங்க. நல்லாப் பாருங்க. இதுதான் போயிருக்கு.” வீட்டுக்காரருக்கு அதில் ஒன்றும் புரியாது, இருந்தாலும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கறுத்துப்போன பில்டரை வெளியே எடுத்தால், “இத்தனை நாளா இது வழியாத்தான் மூச்சு விட்டுட்டு இருந்தீங்க” என்று மூக்கருகே நீட்டுவார். அதுவரை திடமாக இருந்தவருக்கு அந்த நிமிடமே இருமல் வரும். இதனால் அவருக்குப் பொய் சொல்லாத மனிதர் என்று பேர். அந்தப் பேரை அவர் தன் பையிலுள்ள எந்தக் கருவியையும்விடப் பத்திரமாக வைத்திருந்தார்.

வரும் அழைப்புகளை எடுப்பது மனைவி. அவளுடைய நோட்டில் மூன்று பத்திகள்: சத்தம், தண்ணி, சும்மா. மெஷின் கத்தினால் சத்தம், ஒழுகினால் தண்ணி, மெஷினில் ஒன்றுமே இல்லாமல் வீட்டில் இரண்டு பேருக்குள் ஒத்துப்போகாததால் வரும் அழைப்பு சும்மா. மூன்றில் நிரம்பி வழிவது மூன்றாவதுதான். குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். “மெஷின் சரியில்லைன்னு சொல்றப்போ பின்னாடி இன்னொரு குரல் ‘மெஷின் நல்லாத்தான் இருக்கு’ங்குதா? அப்போ சும்மா.” அவள் வீட்டு டயல் மட்டும் எப்போதும் இருபத்திரண்டில் இருக்கும். ஊருக்கெல்லாம் இருபத்தஞ்சு சொன்னவர் தன் வீட்டில் கம்பளி போர்த்திக்கொண்டு சாப்பிடுவார்.

அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு பொய் இருந்தது. அதற்கு ஒன்பது வயது.

ஓய்வு பெற்ற சர்வேயர் ஒருவரும் ஓய்வு பெற்ற தலைமை நர்ஸ் ஒருவரும் கணவன் மனைவியாக ஒரு மாடி வீட்டில் இருந்தார்கள். அவர் ஆயுள் முழுக்க நிலத்தை அளந்தவர். அவள் ஆயுள் முழுக்க காய்ச்சலை அளந்தவள். அளவு என்று வந்துவிட்டால் இருவரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அவருக்கு இருபத்திரண்டு. அவளுக்கு இருபத்தெட்டு. டயலோ கூடத்தில் ஒன்றுதான். அவர் தண்ணீர் குடிக்க வருவதுபோல் வந்து குறைப்பார். அவள் ஜன்னலைச் சாத்த வருவதுபோல் வந்து கூட்டுவாள். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஓடி நின்று ஓடி நின்று, ஒரு நாள் கம்ப்ரஸர் உயிரை விட்டது.

“மெஷின் தானா சாகல சார்” என்றார் இருபத்தஞ்சு, எரிந்த கம்ப்ரஸரைக் கையில் கொடுக்க முடியாததால் கூடத்தின் நடுவில் இறக்கி வைத்துவிட்டு. “நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து கொன்னுட்டீங்க.”

“அவ கொன்னா.”

“அவர்தான்.”

அன்று படி இறங்கும்போது சர்வேயர் பின்னாலேயே வந்து தோளைத் தொட்டார். “ஒரு உதவி. எங்க அறை வேற வேறதானே? ஆளுக்கு ஒரு டயல் வச்சுடுங்க. என்னோடது மட்டும் நிஜமா வேலை செய்யட்டும். அவளோடது சும்மா திரும்பினா போதும். பாவம், திருப்பிட்டு சந்தோஷமா இருப்பா.”

வீட்டுக்குப் போய்க் கை கழுவுவதற்குள் நர்ஸ் போனில் வந்துவிட்டாள். “தம்பி, ஆளுக்கொரு டயல்னு அவர் ஏதோ சொல்லிட்டிருக்கார். நல்ல யோசனைதான். ஆனா அவரோடது எங்கயும் சேர வேண்டாம். ஊசியே போடாம பஞ்சை மட்டும் தேச்சு அனுப்புவோம் பாருங்க, அந்த மாதிரி.”

பரண்மேல் உட்கார்ந்து இருபத்தஞ்சு வெகுநேரம் யோசித்தார். ஒருவர் சொன்னதைச் செய்தால் மற்றவருக்குத் துரோகம். செய்யாவிட்டால் இன்னொரு கம்ப்ரஸர். ஒருவரிடம் மட்டும் பொய் சொல்வது அநியாயம் என்று பட்டது. ஆகவே இருவரிடமும் சொன்னார். நிஜ டயலை இரும்புப் பெட்டியின் மூடிக்குள் பொருத்தி, இருபத்தைந்தில் நிறுத்தி, மூடியைத் திருகிவிட்டார். கீழே இரண்டு அறைகளிலும் இரண்டு அழகான டயல்கள்; பின்னால் இரண்டு அங்குல வயர், நுனியில் கறுப்பு டேப், அவ்வளவுதான். திருப்பினால் ஒரு சிவப்பு விளக்கு எரியும். ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். அந்த ‘டிக்’குக்காக ஒரு மத்தியானம் முழுக்க மெனக்கெட்டார். நிஜ டயலுக்குக்கூட அவ்வளவு நேர்த்தியான ‘டிக்’ கிடையாது.

அதன்பின் நடந்ததை அவரே எதிர்பார்க்கவில்லை. அந்த வீட்டில் சண்டை நின்றது மட்டுமல்ல, ஒருவருக்கொருவர் இரக்கம் வந்துவிட்டது. ஏமாற்றப்பட்டவரிடம் கடுமையாக இருக்க ஏமாற்றியவருக்கு மனம் வருமா? வெயிலும் குளிரும் மாறும்போது வருடத்துக்கு இரண்டு தரம் சர்வீஸுக்குப் போவார். சர்வேயர் ஏணியைப் பிடித்துக்கொண்டே கிசுகிசுப்பார்: “இருபத்தெட்டுல வச்சுக்கிட்டு எவ்வளவு நிம்மதியா தூங்கறா பாருங்க! குழந்தை மாதிரி. எனக்கே ஒரு மாதிரியா இருக்கு.” அந்த ஒரு மாதிரிக்குப் பரிகாரமாகக் காலை டீயை அவரே போட ஆரம்பித்திருந்தார். நர்ஸ் சமையலறையில் நிறுத்திச் சொல்வாள்: “அவர் கெத்தா இருபத்திரண்டுங்கறார் தம்பி. நானும் ஆமாங்கறேன். பாவம் மனுஷன்.” அவருடைய மூக்குக் கண்ணாடியை அவளே துடைத்து வைக்க ஆரம்பித்திருந்தாள். ஒன்பது வருடத்தில் அந்த வீட்டிலிருந்து ‘சும்மா’ பத்தியில் ஒரு வரிகூட ஏறவில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மனைவி நோட்டைப் பார்த்துச் சொன்னாள். “சர்வேயர் வீட்டு சிஸ்டர் கூப்பிட்டாங்க. வெளியூர்ல இருக்கற அவங்க பையன் புது கம்பெனிக்காரனை அனுப்பறானாம். போன்லயே கூட்டறது குறைக்கறது எல்லாம். நாளைக்குப் பத்து மணிக்கு வந்து வயர் எங்கெங்க போகுதுன்னு பார்ப்பானாம். உங்களையும் வரச் சொன்னாங்க.”

இருபத்தஞ்சு கையிலிருந்த ஸ்பேனரைத் திரும்பப் பைக்குள் போட்டார்.

“என்னங்க, முகம் ஏன் இப்படிப் போகுது?”

வேறு வழியில்லாமல் சொன்னார். அவள் முதலில் சிரித்தாள். நோட்டை மூடி வைத்துவிட்டுச் சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“ஒம்பது வருஷமா ரெண்டு பெரியவங்க சுவரைத் திருகிட்டு இருக்காங்களா!”

“சிரிக்காத. நாளைக்கு அவன் வர்றதுக்கு முன்னாடி போய் நிஜமாவே இணைச்சுடலாம்னு பார்க்கறேன்.”

“எதை? அவரோடதையா, அவங்களோடதையா?”

ஒன்பது வருடத்துக்கு முன் பரணில் உட்கார்ந்து தப்பித்த அதே கேள்வி, அதே இடத்தில், வயதாகாமல் உட்கார்ந்திருந்தது.

“ரெண்டு பேர்கிட்டயும் சமமாப் பொய் சொல்லிட்டு அதுக்கு நியாயம்னு பேர் வச்சிருக்கீங்க” என்றாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் சிரிப்பு மெல்ல நின்றது. திரும்பித் தன் வீட்டுச் சுவரில் இருபத்திரண்டில் இருந்த டயலைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். பிறகு அவர் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

“அட, என்ன பண்ற? நம்ம வீட்டுது நிஜம்மா!”

“அப்போ பார்த்தா என்ன?”

கழற்றினாள். நான்கு வயர், நான்கும் ஒழுங்காகச் சுவருக்குள் போயிருந்தன. ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப மாட்டினாள். “சரிதான்” என்றாள். அந்தக் குரலில் மன்னிப்புக் கேட்பதற்கான அறிகுறி எதுவும் இல்லை.

இருபத்தஞ்சு கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். வேறு மனிதர்கள் அவரைச் சந்தேகப்பட்டிருந்தால் கோபப்பட்டிருப்பார். பத்தொன்பது வருடம் கூடவே இருந்தவள் ஒரே ஒரு பொய்யைக் கேட்டதும் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுகிறாள். நாளை கம்பெனிக்காரன் அந்த டேப்பைக் கண்டுபிடித்தால் ஊரிலுள்ள ஒவ்வொரு சுவரிலும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் ஏறும். இணைத்துவிட்டு நல்ல பிள்ளைபோல் நிற்பது என்றால் அது இரண்டாவது பொய். முதல் பொய்க்காவது ஒரு காரணம் இருந்தது.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கே போய்விட்டார். இருவரையும் கூடத்தில் உட்காரச் சொன்னார். சர்வேயர் அறைக்குப் போய் ஒரு டயலையும் நர்ஸ் அறைக்குப் போய் ஒரு டயலையும் கழற்றிக்கொண்டு வந்து, வழக்கம்போல், ஆளுக்கு ஒன்றாகக் கையில் கொடுத்தார்.

“பாருங்க. நல்லாப் பாருங்க.”

இருவரும் தங்கள் கையிலிருந்ததைப் பார்க்கவில்லை. மற்றவர் கையிலிருந்ததைத்தான் பார்த்தார்கள். சர்வேயர்தான் முதலில் உடைந்தார்.

“நான்தான் சொன்னேன். இவளோடதை டம்மியா வைக்கச் சொன்னது நான்தான். இவளே, என்னை மன்னிச்சுடு.”

“என்னது? உங்களோடதைத்தானே நான் டம்மியா வைக்கச் சொன்னேன்!”

அப்புறம்தான் கையிலிருந்ததைப் பார்த்தார்கள். இரண்டு அங்குல வயர். கறுப்பு டேப். சர்வேயர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீளத்தை ஒப்பிட்டார். இரண்டும் சரிசமமாக இருந்தன. பிறகு ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக இருவரும் ஒரே பக்கம் நின்று ஒரே ஆளைப் பார்த்தார்கள்.

“அப்போ நிஜ டயல் எங்கய்யா?”

“பரண்மேல சார். மூடிக்குள்ள.”

“எதுல இருக்கு?”

கேட்கவே வேண்டாம். பெயரிலேயே இருந்தது.

“இருபத்தஞ்சா!” சர்வேயர் எழுந்துவிட்டார். “நான் இருபத்திரண்டுன்னு நினைச்சு உள்ளே ரெண்டு பனியன் போட்டுக்கிட்டு நடுங்கிட்டு இருந்தேனே! குளிருதுன்னு வாய் விட்டுச் சொன்னா மானம் போகும்னு!”

“நடுங்கினீங்களா?” நர்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “நான் இருபத்தெட்டுன்னு நினைச்சு வேர்த்து வேர்த்து, கதவைச் சாத்திட்டு டவலால விசிறிட்டு இருந்தேன்.”

“ஒரே காத்துதானா ரெண்டு அறைக்கும்?”

“ஒரே குழாய் சார். அறைக்கு ஒரு கிளை.”

அளவை நம்பிய இரண்டு பேர், அளவே இல்லாத ஒன்றால் ஒருவர் நடுங்கியும் ஒருவர் வேர்த்தும் ஒன்பது வருடம் இருந்திருக்கிறார்கள். இதற்கு யார் முதலில் சிரித்தது என்பதில் பின்னால் அந்த வீட்டில் கருத்து வேறுபாடு இருந்தது. ஆனால் சிரிப்பு நிற்பதற்குள் நர்ஸின் முகம் மாறியது. “தம்பி, உங்களைப் பொய்யே சொல்லாத ஆள்னு நாலு பேருகிட்ட சொல்லியிருக்கேன்” என்றாள். “பழைய பார்ட்டைக் கையில கொடுக்கணும்னு தோணிச்சும்மா. லேட்டாத்தான் தோணிச்சு” என்றார் இருபத்தஞ்சு.

வாசல் மணி அடித்தது.

கம்பெனிக்காரர் சலவை கலையாத சட்டையோடு வந்து பரணில் ஏறி, சட்டை கலைந்து இறங்கினார். “ஒன்பது வருஷக் கம்ப்ரஸரா? புதுசு மாதிரி இருக்கே! இதுக்கு முன்னாடி இப்படிப் பார்த்ததில்ல. சரி, ரூம் கன்ட்ரோல் எங்கே?”

சுவரில் இரண்டு அறைகளிலும் வெறும் ஓட்டை. இருபத்தஞ்சு வாயைத் திறந்தார். அதற்குள் சர்வேயர் சொன்னார்: “சர்வீஸுக்குக் கழட்டியிருக்கார்.”

“ஆமா, தூசி” என்றாள் நர்ஸ்.

கம்பெனிக்காரர் விளக்கத் தொடங்கினார். இனி ஆளுக்கு ஒரு போன். படுத்த இடத்திலிருந்தே ஒருவர் கூட்டலாம், ஒருவர் குறைக்கலாம். யார் எப்போது எவ்வளவு மாற்றினார்கள் என்று மற்றவர் போனில் உடனே தெரிந்துவிடும்.

“வேண்டாம்” என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

அவர் போன பிறகு இருபத்தஞ்சு பையைத் திறந்து வயர்ச் சுருளை எடுத்தார். “இப்போ ஒழுங்கா இணைச்சுக் கொடுத்துடறேன். யாரோட டயலை மெஷினோட சேர்க்கறதுன்னு நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்க.”

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கூடத்தில் பழைய கம்ப்ரஸர் கிடந்த இடத்தில் தரை இன்னும் லேசாகக் கீறியிருந்தது.

“அவளோடதைச் சேருங்க” என்றார் சர்வேயர்.

“அவரோடதையே சேருங்க தம்பி.”

“சொல்றேன்ல? உன்னோடது.”

“எனக்கெதுக்கு? உங்களுக்குத்தான் நடுங்குது.”

குரல்கள் ஏறின. இருபத்தஞ்சின் மனைவி இங்கே இருந்திருந்தால் இது எந்தப் பத்தி என்று சொல்லியிருப்பாள். இருபத்தஞ்சு வயர்ச் சுருளை மெதுவாகப் பைக்குள் திரும்ப வைத்தார். அதைப் பார்த்ததும் இருவரும் நிறுத்தினார்கள்.

“இருந்த மாதிரியே மாட்டிடுங்க” என்றாள் நர்ஸ்.

“தெரிஞ்சேவா அம்மா?”

“தெரிஞ்சேதான். ஆனா என்னோடதுல கொஞ்ச நாளா அந்த ‘டிக்’ சத்தம் சரியா கேட்கல. அதை மட்டும் பார்த்துடுங்க.”

அவர் டயலைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங் தேய்ந்திருந்தது. எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

“பாருங்க. இதுதான் போயிருக்கு.”

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பார்க்கச் சொல்லிக் கணவரிடம் நீட்டினாள்.