நெருப்புக்குக் காவல்

என் அத்தையின் வேலை குறை கண்டுபிடிப்பது. பொல்லாப்பாகச் சொல்லவில்லை, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு செல்போன் கம்பெனியில் அவளுக்குச் சம்பளமே அதற்குத்தான். லைனில் வரும் போனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், கீறல் இருந்தால் ரிஜெக்ட். வீட்டுக்கு வந்தும் அந்தக் கண் சும்மா இருக்காது. அம்மாவின் சாம்பார், தன் அண்ணனான என் அப்பாவின் மீசை, தன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் என எல்லாமே ரிஜெக்ட்தான்.

மாமாவை மட்டும் அவள் ரிஜெக்ட் செய்யவும் இல்லை, சும்மா விடவும் இல்லை. மாமா அம்மாவின் தம்பி. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை என்றால் படப்பையில் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. சாப்பிட்டுவிட்டு என்னை பைக்கில் ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டுவார். எனக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் நாள்.

ஒரு பொங்கல் லீவில், வாலாஜாபாத்துக்கு அப்பால் காப்புக்காட்டை ஒட்டி வனத்துறை கூடாரம் வாடகைக்கு விடுவதாகக் கேள்விப்பட்டு அப்பா பதிவு செய்துவிட்டார். கூடாரம் என்றால் முன்னால் நெருப்பு எரிய வேண்டும், சினிமாவில் பார்த்திருக்கிறேன். “நெருப்புக்கு நானாச்சு மருமகளே,” என்றார் மாமா.

அத்தை அவரிடம் நேராகப் பேசமாட்டாள். அவர் காதில் விழும்படி அம்மாவிடம் சொன்னாள்: “அண்ணி, உங்க தம்பி கையில நெருப்பு பத்தலைன்னு வச்சிக்குங்க, இனிமே ஞாயித்துக்கெழம சோத்துக்கு இந்த வூட்டுப் பக்கமே வரக்கூடாது.”

“சரின்னு சொல்லுக்கா,” என்றார் மாமா. வேண்டாம் என்று நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

மாமா பயப்படாததற்குக் காரணம் இருந்தது. எங்கள் பக்கத்தில் விறகுக்குப் பஞ்சமே இல்லை. வெளிநாட்டிலிருந்து மெஷின் வந்து இறங்கும் பேலட் பலகையை உடைத்தால் அதுதான் விறகு. காய்ந்த மரம், தீக்குச்சியைக் காட்டினாலே பிடித்துக்கொள்ளும். கேட் பாஸ் வாங்கி ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து வேனில் ஏற்றினார்.

காட்டு வாசலில் காக்கிச் சட்டை போட்ட அக்கா ஒருத்தர் சாக்கைப் பிரித்துப் பார்த்தார். “வெளி வெறகு உள்ள வரக்கூடாதுங்க. கட்டையோட பூச்சியும் வரும், காட்டு மரத்துல ஏறிடும்.”

“மேடம், இது ஜெர்மனிக் கட்டை,” என்றார் மாமா பெருமையாக.

“எங்க ஊர்ப் பூச்சியே எங்களுக்குப் போதும். ஜெர்மனிப் பூச்சி வேற இன்னாத்துக்கு?”

அத்தை சிரித்த சிரிப்பில் மாமாவின் காது சிவந்துவிட்டது. உள்ளே சுள்ளி பொறுக்கவும் கூடாதாம், மண்ணெண்ணெய் ஊற்றவும் கூடாதாம். சிமெண்ட் வட்டத்துக்குள் மட்டும் நெருப்பு போடலாம், விறகு அவர்களே தருவார்கள், நெருப்பு அணையும்வரை ஒரு ஆள் பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும். காட்டைக் கெடுக்கிறது என்று வெட்டிப் போட்டிருந்த சீமைக்கருவேலத்தைக் காக்கி அக்கா காட்டினார். முந்தின நாள் மழையில் குவியல் நனைந்து கிடந்தது.

சாயங்காலம் மாமா மேலே கிடந்த கட்டைகளை அடுக்கிப் பற்ற வைத்தார். புகைதான் வந்தது. மறுபடி வைத்தார், இன்னும் புகை வந்தது. அப்பா ஒரு அட்டையை எடுத்து விசிறி இருமினார். “அண்ணி, கொசு நல்லா போகுது, அது வரைக்கும் லாபம்,” என்றாள் அத்தை. தீப்பெட்டி காலியாகிக்கொண்டே வந்தது. பைக் போச்சு, ஞாயிற்றுக்கிழமை போச்சு என்று எனக்கு அழுகை முட்டியது.

அம்மா மெதுவாக, “டேய், உனக்குத் தெரியாததா?” என்றாள். மாமா அத்தையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு புதுச் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, காக்கி அக்காவிடம் அரிவாள் கேட்டு வாங்கினார்.

குவியலின் அடியில் கைவிட்டு உலர்ந்த முள்ளுக் கிளைகளை உருவினார். கட்டையின் ஈரப் பட்டையைச் சீவி எறிந்தார். உள்மரத்தைப் பென்சில் கனத்துக்குப் பிளந்து, முள்ளின் மேல் சாய்த்துச் சாய்த்து நிறுத்தினார். கை அது பாட்டுக்கு ஓடியது. கடைசிக் குச்சியைக் கிழித்து வைத்து, மண்டியிட்டு ஒரு ஊது ஊதினார். படபடவென்று பிடித்தது பாருங்கள், என் உயரத்துக்கு எழும்பியது! நான் சட்டையைக் கொடி மாதிரி சுழற்றிக்கொண்டு வட்டத்தைச் சுற்றி ஓடினேன். அப்பா விசில் அடித்தார். காக்கி அக்காவே கை தட்டினார்.

“எங்கே கத்துக்கினாராம்?” என்று அத்தை அம்மாவைக் கேட்டாள்.

மாமாவே பதில் சொன்னார். “எங்க அய்யா கரிமூட்டம் போடுறவரு. பத்தாப்பு வரைக்கும் நானும் இந்த மரத்ததான் வெட்டுனேன். ஒடம்பு பூராக் கரியாத்தான் இருப்பேன். ஒங்ககிட்டச் சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு.”

அத்தை அவரை மேலும் கீழும் பார்த்தாள். இதோ ஒரு குறை சொல்லப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன். “மொகத்துல கரி கீது, தொடச்சிக்குங்க,” என்று தன் துப்பட்டா முனையை நீட்டினாள். அவள் மாமாவிடம் நேராகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சாப்பாடு வந்துவிட்டதென்று கொட்டகைக்குக் கூப்பிட்டார்கள். நெருப்பு இன்னும் அணையவில்லை. “நான் இருக்கேன், நீங்க போங்க,” என்றார் மாமா. “ரூல் ஆச்சே,” என்று அத்தையும் உட்கார்ந்துவிட்டாள். காற்று திரும்பி புகை முழுக்க அவள் முகத்தில் அடித்தது. அவள் இடம் மாறவில்லை.

நானும் ஓடி அங்கே உட்காரப் போனேன். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. காவலுக்கு ஒரு ஆள் போதும் என்று அந்த அக்கா தெளிவாகச் சொல்லியிருக்க, அங்கே எதற்கு இரண்டு பேர் என்று சாப்பிட்டு முடிக்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தேன்.