பள்ளத்தில் போட்ட கூடாரம்

மலையில் ஏற ஏற வாடகையும் ஏறும். அங்கே போவதற்கு முன்பே இது எனக்கு மனப்பாடம். அடிவாரத்து ஊரில் ஒரு கட்டிலுக்கு முந்நூறு ரூபாய். ஒரு நாள் நடை தள்ளி, வீட்டோடு தங்கவைக்கும் குடும்பங்களில் சாப்பாட்டோடு அறுநூறு. அதற்கும் மேலே தகரக் கூரை போட்ட லாட்ஜ்கள். அங்கே அரிசியும் பருப்பும் கோவேறு கழுதை முதுகில்தான் வந்தாக வேண்டும், ஆகவே ஒரு வாளி வெந்நீருக்குக்கூடத் தனிக்காசு. சில டீக்கடைகளில் இரவுச் சாப்பாட்டை அங்கேயே சாப்பிட்டால் பெஞ்சில் படுக்க விடுவார்கள், ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும். சொந்தக் கூடாரம் இருந்தால் இதைவிட மலிவு.

செங்கல்பட்டில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் முப்பது வருஷமாக வாடகை பேசுவதுதான் என் பிழைப்பு. எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. எதிராளி ஒரு ரேட் சொல்வான், நாம் ஒன்று சொல்வோம். ஒத்துவராவிட்டால் "சரி, வர்றேன்" என்று எழுந்து நடந்துவிட வேண்டும். திரும்பிப் பார்க்கவே கூடாது. பத்தடி போவதற்குள் அவனே கூப்பிடுவான். கூப்பிடாத ஆளை நான் பார்த்ததில்லை. சொன்ன விலையைக் கொடுத்து ஒரு பொருளை வாங்கினால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது எனக்கு. கஞ்சன் என்று என் மனைவி சொல்வாள், நான் சிக்கனம் என்பேன்.

அவள் சதுரங்கப்பட்டினத்து மீனவக் குடும்பத்துப் பெண். கல்யாணமான நாளிலிருந்து செங்கல்பட்டு மார்க்கெட்டில் மீன் கடை போட்டிருக்கிறாள். விடிந்ததும் ஐஸ் பாரை உடைத்து மீன்மேல் கொட்டுவதில்தான் அவள் நாள் தொடங்கும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருக்கழுக்குன்றத்து மலைப்படிகளை மூச்சு வாங்காமல் ஏறுவாள். நான் பாதிப் படியில் உட்கார்ந்து அவள் இறங்கி வருவதற்குக் காத்திருப்பேன். ஒருநாள் போனில் யாரோ அனுப்பிய பனிமலை வீடியோவை நாலைந்து தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அந்த ஐஸ ஒரு தரம் கையால அள்ளணும்யா. லாரில வர்ற ஐஸ் இல்ல. வானத்துலேர்ந்து வுழுறது."

உத்தராகண்டில் ஒரு மலைக்கோயில். பேர் வேண்டாம், அந்த ஊர்க்காரர்கள் மேல் தப்பு ஒன்றுமில்லை. ஐந்து நாள் நடை, கோயிலைச் சுற்றி வருஷத்தில் பாதி நாள் பனி. ஹெலிகாப்டர் உண்டு, ஏறிப்போகக் கழுதையும் உண்டு. "காலு நல்லா இருக்கச்சொல்ல கழுத இன்னாத்துக்கு?" என்றாள். நடந்தே போய் அந்தப் பனியைத் தொட வேண்டும். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

ஆறு மாதம் நடந்து பழகினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் வரைக்கும் நடப்போம். வாங்கிய கூடாரத்தைச் சோதித்துப் பார்க்க, பழைய கோட்டையைத் தாண்டிக் கடற்கரையில் ஒருநாள் தங்கினோம். மணலில் முளை நிற்கவில்லை. அவள் மளிகைப் பைகளில் மணலை நிரப்பிக் கயிற்றில் கட்டிப் புதைத்தாள். அவளுடைய தம்பி வந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "இன்னா மச்சான், இம்மாம் பெரிய வூடு இருக்கச்சொல்ல துணிக்குள்ள பூந்துகினு கீற?"

கூடாரம் போட இடத்தைக் காட்டியதும் அவள்தான். மணல் மேட்டுக்குப் பின்னால், காற்று படாத பள்ளம். வெயில் காலத்தில் அவள் அப்பாவும் சித்தப்பாக்களும் கரையில் அப்படித்தான் படுப்பார்களாம். மேட்டில் படுத்தால் கடல்காற்று மணலை வாரிக் கண்ணில் போடும், பள்ளத்தில் கதகதப்பாக இருக்கும். அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. நன்றாகத் தூங்கினோம்.

மலையில் முதல் மூன்று நாளும் குறையே இல்லை. எனக்கு லாரி டிரைவர்களிடம் கற்ற இந்தி, அவளுக்கு அதுவும் கிடையாது. கை ஜாடையிலேயே சமையல்கட்டு வரைக்கும் போய்விடுவாள். தங்கிய வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து ரொட்டி தட்டினாள். நான் தினமும் வாடகை பேசி நூறோ நூற்றைம்பதோ குறைத்தேன். எழுந்து நடந்தால் கூப்பிட்டார்கள். முறை மலையிலும் பலிக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை.

நாலாம் நாள் மாலை கடைசித் தங்கலுக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து கோயில் அரை நாள் நடை. எதிர்ச் சரிவில் பனி வெள்ளையாகத் தெரிந்தது. அவள் மூட்டைகளோடு ஒரு கல்சுவரில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மட்டும் லாட்ஜுக்குள் போனேன். ஒரே ஓர் அறை மிச்சம். இரண்டாயிரத்து ஐநூறு, ரஜாய் இரண்டு, வெந்நீர் உண்டு என்றார் லாட்ஜ்காரர். ஆயிரத்து எண்ணூறு என்றேன். தலையை ஆட்டினார். "சரி, வர்றேன்" என்று வெளியே வந்தேன். பத்தடி நடந்தேன். இருபதடி நடந்தேன். குனிந்து, அவிழாத ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினேன். அவர் கூப்பிடவில்லை. உள்ளே யாருக்கோ பருப்பு ஊற்றிக்கொண்டிருந்தார்.

திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை.

"இன்னாய்யா, ரூம் கீதா?" என்றாள்.

"இல்ல. ஃபுல்லாயிட்ச்சி."

வாய் கூசாமல் சொன்னேன். விலை படியவில்லை என்று சொல்லியிருந்தால் அவளே உள்ளே போய்க் கேட்ட காசைக் கொடுத்திருப்பாள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அவளுக்கு வருத்தமே இல்லை. "அதுக்கின்னா இப்போ? நம்ம வூடு முதுகுலதானே கீது" என்று எழுந்தாள். காற்று சுழற்றி அடித்தது. சுற்றிப் பார்த்து, புல்மேட்டுக்குக் கீழே ஒரு பள்ளத்தைக் காட்டினாள். அங்கே காற்றே இல்லை. எங்கள் கடற்கரை மாதிரியே இருந்தது.

அந்த இரவைப் பற்றி நிறைய எழுத என்னால் முடியாது. குளிர் மேலிருந்து இறங்கி வந்து பள்ளத்தில் நிரம்பிக்கொண்டது. கூடாரத் துணியின் உள்பக்கம் எங்கள் மூச்சே உறைந்து, உரசினால் உதிர்ந்தது. இருந்த துணியையெல்லாம் அவள்மேல் போட்டேன். விடியும்போது அவளுக்குப் பேச்சு குழறியது, உதடு நீலமாக இருந்தது, நெஞ்சுக்குள் கொரகொரவென்று சத்தம். ஓடிப்போய் லாட்ஜ் கதவைத் தட்டினேன். லாட்ஜ்காரர்தான் ஆள் கூட்டி வந்து அவளைத் தூக்கினார். கழுதைக்காரரை எழுப்பியதும் அவர்தான். டீக்குக் காசு வாங்கவில்லை. "பள்ளத்திலா படுத்தீர்கள்? குளிர் வந்து தங்குகிற இடம் அது. அங்கே நாங்கள் கழுதையைக்கூடக் கட்டமாட்டோம்" என்றார். அறையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தாலும் அவளுக்குப் புரிந்திருக்காது.

கழுதைமேல் சாய்ந்தபடியே இறங்கினாள். பனி அவள் முதுகுக்குப் பின்னால் போனது. நிமோனியா, கீழே டவுன் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள். உயிர் பிழைத்ததே பெரிது என்றார்கள். நுரையீரலில் ஒரு பக்கம் சுருங்கிவிட்டது. இனி மலைப்பக்கமே போகக்கூடாது என்று செங்கல்பட்டில் டாக்டரும் சொல்லிவிட்டார். இப்போது திருக்கழுக்குன்றத்தில் அவள் கீழேயே நின்று கும்பிடுகிறாள்.

ஆனால் என் மனைவி அழுதுகொண்டு உட்காரும் ஆளில்லை. ஊர் திரும்பிய இரண்டாம் மாதமே அதை ஒரு கதையாக்கிவிட்டாள். மீன் கடையில், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில், எலெக்ட்ரிக் ரயிலில் பக்கத்து சீட்டுக்காரியிடம். "எங்க கடக்கர புத்திய மல மேல போய்க் காட்டுனேன் பாரு! பள்ளம்தான் சொகம்னு இந்த மனுசனையும் இழுத்துகினு போய்ப் படுக்க வெச்சேன்" என்று ஆரம்பிப்பாள். பல் கிடுகிடுத்ததை நடித்துக் காட்டுவாள். கழுதைமேல் வந்தவளைப் பார்த்து, எதிரே ஏறி வந்த ஒரு சேட்டம்மா ஏதோ சாமி வருகிறது என்று கும்பிட்டாளாம். அந்த இடத்தில் அவளுக்கே சிரிப்பு தாங்காது, இருமலும் வந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து நானும் சிரிப்பேன். தப்பு முழுக்க அவள் தலையில் இருந்தது. ஏழு வருஷம் அதை அங்கேயே இருக்க விட்டேன். நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இந்தச் சித்திரையில் அவளுடைய தம்பி மகள் புருஷனோடு வந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம். அதே கோயிலுக்கு நடந்து போகப் போகிறார்களாம், எங்கே தங்கலாம் என்று கேட்க வந்தார்கள். என் மனைவிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கதை முழுவதையும் சொல்லிவிட்டு, கடைசியில் சொன்னாள்.

"ஒண்ணு நல்லா கேட்டுக்க. மேல ரூம்பே கெடைக்காது. எங்களுக்கே ஃபுல்லுன்ட்டான். நம்பிப் போய் நிக்காத. எங்க கூடாரத்த எடுத்துகினு போ, மேட்டுல போட்டுக்க."

உடனே எழுந்து பரண்மேல் இருந்த கூடாரப் பையை இறக்கச் சொன்னாள். மாப்பிள்ளைப் பையன் ஸ்டூலைத் தேடினான்.

"வேணாம், ரூம் கெடைக்கும்" என்றேன். "அன்னைக்கும் இருந்துச்சி."

என் மனைவி திரும்பினாள். "இன்னா சொல்ற?"

"ரெண்டாயிரத்து ஐநூறு கேட்டான். நான் ஆயிரத்து எண்ணூறுன்னேன்."

மெதுவாகக் கேட்டாள். "எந்திரிச்சி வந்துட்டியா? கூப்புடுவான்னு?"

"ஆமா."

திட்டுவாள் என்று நினைத்தேன். கையில் கிடைத்ததை எடுத்து வீசியிருந்தாலும் நன்றாக இருந்திருக்கும். அவள் சமையலறைக்குள் போய், வந்தவர்களுக்கு வாங்கி வைத்திருந்த சங்கரா மீனைச் செதில் தேய்க்க உட்கார்ந்தாள். நான்கு பேருக்கும் சோறு போட்டாள். கிளம்பும்போது அந்தப் பெண்ணிடம், "கேக்குற காச குடுத்துடு, இன்னா?" என்று மட்டும் சொன்னாள்.

அவர்கள் போய், அறை எடுத்துத் தங்கி, கோயிலைப் பார்த்துவிட்டு நல்லபடியாகத் திரும்பி வந்தார்கள். அந்த மட்டில் நான் சொன்னது சரிதான். உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்கிறார்கள். எனக்கு ஆகவில்லை. அவள் என்னோடு பேசாமல் இல்லை, சண்டையும் போடவில்லை. டீ போட்டுத் தருகிறாள், மாத்திரை போட்டாயா என்று கேட்கிறாள். மன்னித்துவிட்டாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

போன வாரம் மார்க்கெட்டில் அவளுக்குச் சாப்பாடு கொடுக்கப் போயிருந்தேன். பக்கத்துக் கடைக்காரி புதிதாக வந்த மருமகளைக் காட்டி, "யக்கா, அந்தக் கழுத மேல ஊர்வலம் வந்தியே, அத்த இதுக்குச் சொல்லு" என்றாள். அந்தப் பெண் ஆவலாக நிமிர்ந்து பார்த்தது.

என் மனைவி தராசில் மீனை வைத்தாள். "அதுல இன்னா கீது சொல்றதுக்கு? ஒடம்பு முடியாமப் போச்சி, எறங்கி வந்துட்டோம்" என்றாள்.

பனியை அவள் தொடவே இல்லை. அந்தப் பயணத்திலிருந்து அவள் கொண்டுவந்தது அந்தக் கதை ஒன்றுதான். அதையும் நான் பிடுங்கிக்கொண்டேன். சாப்பாட்டுக் கேரியரை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வாங்க வந்தவர் இருபது ரூபாய் குறைத்துக் கேட்டார். பேரம் பேசாமல் குறைத்துக் கொடுத்தாள்.