காலிஸ்டோவின் மஞ்சள் பனி

"லைல் ஆர். டிட்மர், தலைமை விமர்சகர், காட்சித் தரம். முறைப்படி அளவீடு செய்த தனித் திரையரங்கில், முழு இருட்டில், ஒவ்வொரு டிஸ்கையும் மூன்று முறை பார்த்த பிறகே மதிப்பெண் வழங்குபவர். நிறம் குறித்து இவர் சொல்வதே இறுதித் தீர்ப்பு."

வீட்டில் பார்க்கும் பட டிஸ்குகளை மதிப்பிடும் இணையதளம் ஒன்றில் இப்படிப் போட்டிருந்தது. எழுதியவர் தளத்தின் சொந்தக்காரர் டேரில் பஸ்கே. ஆஷ்காஷ் ஊரில் கார் இன்சூரன்ஸ் விற்பவர் என்பதால் உறுதிமொழிகள் அவருக்குத் தாராளமாக வரும்.

தனித் திரையரங்கு என்பது மிச்சிகன் ஏரிக்கரை ஊரான ஷபாய்கனில் லைல் வீட்டு நிலவறை. ஒரு சுவரோரம் துணி துவைக்கும் இயந்திரம், எதிர்ச் சுவரோரம் மான்கறி சாஸேஜ் அடைத்த ஃப்ரீசர், நடுவில் டிவி. முழு இருட்டு என்பது மனைவி கார்லீன் துணி எடுக்க இறங்கி வராத நேரம். மூன்று முறை என்பது உண்மையில் ஒன்றரை முறை. இரண்டாவது தடவை பாதியில் லைல் தூங்கிவிடுவார். டிவியை மட்டும் டேரில் ஒரு முறை இரவல் கருவி கொண்டுவந்து அளந்து கொடுத்திருந்தார். டிவியில் ஒரு குறையும் இல்லை. இந்தக் கதையில் டிவி நிரபராதி.

நிறம் பற்றிப் பேச லைலுக்குத் தகுதி இல்லாமலும் இல்லை. முப்பத்தோரு வருடம் குளியல் தொட்டித் தொழிற்சாலையில் தரம் பார்த்தவர். எனாமல் பூசி வரும் வெள்ளைத் தொட்டிகளில் எது வெள்ளை, எது எலும்பு வெள்ளை, எது பாதாம் வெள்ளை என்று நடந்துகொண்டே சொல்வார். சக தொழிலாளிகள் கருவியை வைத்துச் சோதித்துப் பார்ப்பார்கள். கருவி தோற்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் லைல் முந்திவிடுவார். இப்படிப்பட்ட கண்ணை வாழ்நாள் முழுக்க நம்பிய மனிதர், ஓய்வு பெற்ற மறுநாளே அதைச் சந்தேகப்பட ஆரம்பிப்பாரா?

2011 இலையுதிர் காலத்தில் 'காலிஸ்டோவில் பதினோரு நாள்' என்ற படம் டிஸ்காக வந்தது. வியாழனின் நிலவொன்றில் இரண்டு மனிதர்களும் ஒரு பழுதான இயந்திரமும் சிக்கிக்கொள்ளும் 1974-ம் வருடத்துப் படம். தொண்ணூறு நிமிடமும் பனி. மற்றப் படங்களில் மரம், முகம், வானம் என்று கண்ணை ஏமாற்ற ஆயிரம் நிறம் இருக்கும். இதில் வெள்ளையைத் தவிர வேறொன்றும் கிடையாது. இருபத்தெட்டு வயதில் காருக்குள் உட்கார்ந்து திறந்தவெளித் திரையில் பார்த்த லைலுக்கு அந்தப் பனி பளீரென்று நினைவில் இருந்தது. டிஸ்கில் பார்த்தால் வெளுத்த தேநீர் போல இருந்தது.

மஞ்சள் பனியை வாயில் வைக்காதே என்று ஷபாய்கன் குழந்தைகளுக்கு நடை பழகும்போதே சொல்லிவிடுவார்கள். நாய்கள் அதிகமுள்ள ஊர். லைல் தன் விமர்சனத்துக்கு 'மஞ்சள் பனி' என்று தலைப்பு வைத்தார். ஐந்துக்கு ஒன்றரை மதிப்பெண். 'காலிஸ்டோவில் நாய்கள் உண்டென்று எனக்கு இதுவரை தெரியாது' என்பது முதல் வரி.

அவர் எழுதியவற்றிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். நானூறு பேர் எழுதினார்கள், ஆமாம் மஞ்சள்தான் என்று. அந்த நானூறு பேருக்கும் கண் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முதலில் விமர்சனத்தைப் படித்துவிட்டு அப்புறம் படம் பார்த்தார்கள். போதாததற்கு அவர்களில் பாதிப்பேர் வீட்டு டிவி கடையிலிருந்து வந்த நாள் முதல் எல்லாவற்றையும் நீலமாகக் காட்டிக்கொண்டிருந்தது; அதற்குப் பழகிய கண்ணுக்கு எந்த வெள்ளையும் மஞ்சள்தான். டிஸ்கை வெளியிட்டது மூன்று பேர் நடத்தும் சின்னக் கம்பெனி. பயந்துபோய் மன்னிப்புக் கேட்டது. பழையதைத் திருப்பி அனுப்புங்கள், திருத்தியதைத் தருகிறோம் என்றது. திரும்பி வந்தவற்றை அழித்தது. புதிய டிஸ்கில் பனி லைலின் கண்ணுக்கு வெள்ளையாக இருந்தது. ஐந்துக்கு ஐந்து.

இடையில் ஒரு கடிதம் வந்தது. டிஸ்குக்காகப் படத்தின் நிறத்தைச் சரிசெய்த நடீன் ஹால்வர்சன் கலிபோர்னியாவிலிருந்து எழுதியிருந்தார். ஒளிப்பதிவாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்கு நாள் வேலை செய்ததாகவும், அந்தப் பனி அவர் ஒப்புக்கொண்ட பனி என்றும், லைல் தன் டிவியைச் சோதித்துப் பார்க்க முடியுமா என்றும் மரியாதையாகக் கேட்டிருந்தார். லைல் அந்தக் கடிதத்தைத் தளத்தில் போட்டு, கீழே பதிலும் போட்டார்: 'டிவியைச் சோதித்தாகிவிட்டது, அம்மணி. நீங்கள் கண்ணைச் சோதித்து எத்தனை நாளாகிறது?'

நூற்றுப் பன்னிரண்டு பேர் அதற்குச் சிரிப்பு முகம் போட்டார்கள். திருத்திய டிஸ்கில் நடீன் பெயர் இல்லை.

2014 ஏப்ரல் மூன்றாம் தேதி லைலுக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். மறுநாள் காலை நர்ஸ் கட்டைப் பிரித்தார்.

"என்ன தெரியுது, மிஸ்டர் டிட்மர்?"

"உங்க கோட்டு. ரொம்ப வெள்ளையா இருக்கு. புதுசா?"

"நேத்து போட்டிருந்த அதே கோட்டுதான். துவைக்கக்கூட இல்ல." நர்ஸ் சிரித்தார். "எல்லாரும் இதான் கேப்பாங்க. புரை மஞ்சக் கண்ணாடி மாதிரி. வருஷக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா ஏறும், நமக்கே தெரியாது. வீட்டுக்குப் போய்ச் சுவத்துக்குப் பெயிண்ட் அடிச்சது யாருன்னு கேக்காதீங்க."

அவர் சுவரைப் பார்க்கவில்லை. குளியலறைக்குப் போனார். அவரே தேர்ந்தெடுத்து வாங்கி வந்த தொட்டி. இடது கண்ணைப் பொத்தினார். வெள்ளை. வலது கண்ணைப் பொத்தினார். பாதாம். வாசலில் கார்லீன் நின்றுகொண்டிருந்தார்.

"தொட்டி வெள்ளையாத்தான் இருக்கு," என்றார் லைல், ஏதோ புகார் சொல்வது போல.

"எப்பவும் வெள்ளையாத்தான் இருந்துது. மூணு வருஷமா மஞ்ச பூத்துருச்சு, தேய்க்கத் தெரியலன்னு சொல்லிச் சொல்லி என்னைத் தேய்க்க வெச்சியே. ப்ளீச்ச ஊத்தி ஊத்தி என் நகமே போச்சு, லைல்."

"எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது."

"அது தெரியுது. ஒரு சாரி சொன்னா தொட்டி ஒண்ணும் உடைஞ்சுடாது."

லைல் அதற்குள் நிலவறைக்கு இறங்கிக்கொண்டிருந்தார். மூன்று வருடம் என்ற சொல் எங்கே போய்க் குத்தியது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

பழைய டிஸ்கை அவர் திருப்பி அனுப்பியிருக்கவில்லை. குற்றத்துக்குச் சாட்சி என்று அலமாரியில் வைத்திருந்தார். அதைப் போட்டு வலது கண்ணால் பார்த்தார். பனி வெள்ளை. தாழ்ந்த வெயில் படும் பக்கத்தில் மட்டும் ஜனவரி மாலையில் மிச்சிகன் ஏரி உறைந்து கிடக்கும்போது தெரிகிற மெல்லிய இளம்பொன் சாயல். யாரோ நான்கு நாள் உட்கார்ந்து அந்த இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். பிறகு திருத்திய டிஸ்க், அவர் ஐந்துக்கு ஐந்து கொடுத்தது. சொட்டு நீலம் கை தவறிக் கொட்டிய வேட்டி போல இருந்தது. மனிதர்களின் உதடுகூட நீலம்.

துணி எடுக்க வந்த கார்லீன், கணவர் ஒரு கண் மாற்றி ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டிருப்பதைப் பார்த்து நின்றார்.

"என்ன, கடற்கொள்ளைக்காரன் வேலைக்கு மனு போட்டிருக்கியா?"

லைல் சொன்னார். முழுவதையும் சொன்னார், நடீனுக்குப் போட்ட பதில் உட்பட. கார்லீன் துணிக்கூடையைக் கீழே வைத்தார்.

"அந்தப் பொண்ணுக்கு எழுது. இன்னிக்கே."

"ரெண்டாவது கண்ணும் முடியட்டும். ஒத்தக் கண்ண வெச்சித் தீர்ப்பு சொல்றது முறையில்ல."

"ஓ. ரெண்டு கெட்ட கண்ண வெச்சிச் சொன்னப்ப முறையா இருந்துச்சாக்கும்."

ஏப்ரல் பதினேழாம் தேதி இரண்டாவது கண்ணும் முடிந்தது. இரண்டு கண்ணாலும் பார்த்தார். ஒன்றும் மாறவில்லை. தீர்ப்பும் எழுதவில்லை.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு டேரில் ஆஷ்காஷிலிருந்து வந்தார். வழக்கமான கடை, வழக்கமான மேசை, பெர்ச் மீன், ரை ரொட்டி, பிராந்தி ஓல்டு ஃபேஷன்ட் காக்டெயில். டேரிலின் முகத்தில் செய்தி இருந்தது.

"படத்துக்கு நாப்பது வருஷம் ஆச்சுல்ல? கம்பெனி பெட்டி போட்டுப் பெரிய பதிப்பு கொண்டுவருது. திருத்தின நிறத்துலதான். உள்ள ஒரு புத்தகம். அதுல ரெண்டு பக்கம் நீங்க எழுதணுமாம், லைல். தலைப்புகூட வெச்சிட்டாங்க. காலிஸ்டோவைக் காப்பாற்றிய மனிதர்!"

லைல் மீனைப் புரட்டிக்கொண்டிருந்தார். "டேரில். அந்தப் பனி மஞ்சளா இல்லாம இருந்திருந்தா?"

"மஞ்சளாத்தான் இருந்துது. நானே பாத்தேனே."

"எப்பப் பாத்தே?"

"உங்க விமர்சனம் படிச்சதுக்கப்புறம். அதுக்கு முன்னாடியும் ஒரு தடவை பாத்தேன், அப்ப கவனிக்கல. படிச்சப்புறம் பாத்தா, அப்பட்டமா இருந்துது! அதான் உங்க திறமை."

"சரி, நிறத்தை எப்ப முடிவு பண்றாங்க?"

"மே ஆறு. அதுக்கப்புறம் கடவுளே வந்து சொன்னாலும் மாத்த முடியாது. அச்சுக்குப் போயிடும். ஏன், வேற ஏதாவது திருத்தணுமா?"

இதைவிட வாகான கேள்வியை யாரும் கேட்டுவிட முடியாது. லைல் இன்னொரு தட்டு பெர்ச் வரவழைத்தார்.

ஏப்ரல் இருபத்தொன்பதாம் தேதி அந்த இரண்டு பக்கத்தை எழுதி அனுப்பினார். நன்றாகவே எழுதியிருந்தார். பனியின் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் 1974-ம் வருடத்து இரவையும், காருக்குள் சோளப்பொரி வாசனையையும், விழிப்போடிருக்கும் பார்வையாளர்களின் கடமையையும் பற்றி எழுதினார். பொய் ஒன்றும் எழுதவில்லை என்று கார்லீனிடம் சொன்னார். அன்று இரவு உணவின்போது கார்லீன் உப்பை நகர்த்தும்படிகூடக் கேட்கவில்லை, எழுந்து போய் எடுத்துக்கொண்டார்.

மே ஒன்பதாம் தேதி புத்தகத்தின் மாதிரிப் பிரதி வந்தது. அவருடைய பெயருக்கு எதிர்ப் பக்கத்தில், பக்கம் முழுக்க, நீலப் பனி. கூடவே ஒரு குறிப்பு: டிஸ்க் திட்டமிட்டபடி ஆறாம் தேதியே அச்சுக்குப் போய்விட்டது, தங்கள் உதவிக்கு நன்றி. அன்று முழுக்க லைலால் சாப்பிட முடியவில்லை. கெடு முடிந்த பிறகுதான் இந்த மனுஷனுடைய மனசாட்சிக்குத் தைரியம் வருகிறது என்றார் கார்லீன். கெடு முடியட்டும் என்றுதான் காத்திருந்தாரா என்று லைலுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. தெரியாது என்பதை நம்பவும் முடியவில்லை.

பதினோராம் தேதி ஞாயிற்றுக்கிழமை, நடீனின் பழைய கடிதத்தின் அடியில் இருந்த எண்ணுக்கு லைல் போன் செய்தார். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"எந்திரிச்சிட்டியாடா கண்ணு?"

"நான்... லைல் டிட்மர். ஷபாய்கன்லேருந்து."

"இன்னிக்கி அன்னையர் தினம், மிஸ்டர் டிட்மர். என் பையன்னு நெனச்சி எடுத்தேன்."

"வச்சிடட்டுமா?"

"எடுத்தாச்சே. சொல்லுங்க."

சொன்னார். புரை, வலது கண், இடது கண், தொட்டி. தொட்டி எதற்கு என்று அவருக்கே புரியவில்லை. ஆனால் அதையும் சொன்னார்.

"எனக்கு அப்பவே தெரியும்," என்றார் நடீன். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "கண்ணுன்னு தெரியாது. ஆனா நீங்க தப்புன்னு தெரியும். அந்த ஒளிப்பதிவாளர், எண்பத்தாறு வயசு அவருக்கு, புது டிஸ்க வாங்கிப் பாத்துட்டு எனக்குப் போன் பண்ணாரு. என் பனி ஏம்மா நீலமா இருக்குன்னு கேட்டாரு. நான் என்ன சொல்ல? அடுத்த பிப்ரவரியில போயிட்டாரு."

"நீங்க இப்ப என்ன வேலை பாக்கறீங்க?"

"பல் விளம்பரம். வெள்ளையா வேணும்பாங்க. காட்டினா, இன்னும் வெள்ளையா வேணும்பாங்க." ஒரு சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. "புதுப் பதிப்பு வருதாமே. அத நிறுத்த முடியுமா?"

"முடியாது. ஆறாம் தேதி போயிருச்சு."

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

லைல் தேதியைச் சொன்னார். நடீன் கணக்குப் போடுவது இந்தப் பக்கம் கேட்பது போலிருந்தது.

"என்கிட்ட மன்னிப்புக் கேக்காதீங்க," என்றார் நடீன். "எங்க சொன்னீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க. இப்ப வச்சிடறேன், பையன் கூப்பிடுவான்."

மறுநாள் லைல் தன் பழைய விமர்சனத்தின் தலைமேலேயே எழுதினார்: படம் சரியாக இருந்தது, என் கண் சரியாக இல்லை, நடீன் ஹால்வர்சன் சொன்னது உண்மை, புதிய பதிப்பில் பனியின் நிறம் தவறு. டாக்டரின் சான்றையும் சேர்த்தார். தெரியவந்த தேதியையும் போட்டார். அதைப் போட வேண்டாமென்று டேரில் போனில் மன்றாடினார்.

அன்று மாலைக்குள் இருநூறு பேர் பதில் எழுதினார்கள். பெரும்பாலோர் நம்பவில்லை. யாரோ காசு கொடுத்திருக்கிறார்கள் என்றார் ஒருவர். "கண்ணைக் கிழிச்சுத் தச்சுக்கிட்டு வந்த ஆளு இப்ப நிறம் பத்திப் பேசறாரு, முன்ன நல்லாத் தெரிஞ்சப்ப சொன்னதுதான் சரி," என்றார் இன்னொருவர். அதற்கு நிறைய சிரிப்பு முகங்கள் விழுந்தன. கம்பெனி புத்தகத்திலிருந்து லைலின் இரண்டு பக்கத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு படம் போட்டது. அதுவும் நீலப் பனிதான். ஜூலையில் பெட்டி கடைக்கு வந்தது.

ஏப்ரல் நான்காம் தேதி லைல் டிட்மருக்கு உண்மை தெரிந்தது. ஏப்ரல் இருபத்தொன்பதாம் தேதி அதை மறைத்து இரண்டு பக்கம் எழுதி அனுப்பினார். மே ஆறாம் தேதி டிஸ்க் அச்சுக்குப் போனது. மே பன்னிரண்டாம் தேதி அவர் உண்மையைச் சொன்னார்.